செல்லில் கிளிப்பச்சை, லேபிளில் பாசிப்பச்சை

(பொருள் தயாரித்து விற்கும் குழுக்களின் ஊக்குநர், பிரதிநிதிகளுக்காக நடந்த ஒருநாள் கூட்டத்தில், நமது கூட்டமைப்பின் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் சகோதரி பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் வரும் கட்டளைகளை ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதி, கணினிக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறோம். இங்கே காதில் விழுந்தபடி தமிழிலேயே தந்திருக்கிறோம்.)

மசாலா, ஊறுகாய், சத்துமாவு, சோப்பு, கருப்பட்டி மிட்டாய் என்று ஏதாவது ஒன்றை பாக்கெட் போட்டு விற்கிற குழுக்கள்தான் இன்றைக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு செலவு இருக்கிறது. அது லேபிள் செலவு. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நடுவில் கொஞ்சம் கம்ப்யூட்டர் சமாச்சாரம் வரும். பயப்பட வேண்டாம். ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமில்லை.

நம்ம கூட்டமைப்பிலேயே நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். முருங்கைக்கீரைப் பொடி செய்கிற ஒரு குழு. பெயர் வேண்டாம், அவர்கள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். (சிரிப்பு.) பொடி அருமையாக இருக்கும். கீரையை நிழலில் உலர்த்தி, பச்சை மாறாமல் அரைப்பார்கள். லேபிளுக்கு டிசைனை உறுப்பினர் ஒருவரின் மகனே செல்போனில் செய்து கொடுத்தான். கிளிப்பச்சைப் பின்னணி, நடுவில் முருங்கை இலைக் கொத்து. குழுக் கூட்டத்தில் செல்லைக் கைமாற்றிப் பார்த்து, "நல்லா பளிச்சுனு இருக்கு" என்று எல்லாரும் ஒத்துக்கொண்டு, தீர்மான நோட்டிலும் எழுதி, 5000 லேபிளுக்கு அச்சகத்தில் முன்பணம் கட்டினார்கள். சுழல்நிதியில் இருந்து எடுத்த காசு.

லேபிள் வந்தது. கிளிப்பச்சையைக் காணோம். குளத்துப் பாசி மாதிரி மங்கலாக ஒரு பச்சை. இலைக் கொத்து பறித்து நாலு நாள் ஆன மாதிரி கருத்துப் போயிருந்தது. அச்சகத்தில் போய்க் கேட்டால், "நீங்க கொடுத்த ஃபைல்தான்மா, நாங்க ஒண்ணும் மாத்தல" என்றார்கள். செல்லை எடுத்துக் காட்டினால், "செல்லுல அப்படித்தான் தெரியும்" என்றார்கள். ஊக்குநர் அக்காவுக்கு அழுகை வராத குறை. 5000 லேபிளைத் தூக்கிப் போட முடியுமா? ஒட்டித்தான் அனுப்பினார்கள். கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழைய சரக்கா?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு அரைத்த பொடி அது.

இதில் யாரைக் குறை சொல்வது? டிசைன் செய்த பையன் தப்பு செய்யவில்லை. அச்சகமும் பொய் சொல்லவில்லை. அந்தக் கிளிப்பச்சை அச்சு மையில் கிடையவே கிடையாது, அதுதான் விஷயம். அதை முன்பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. காசு செலவில்லாத வழி.

முதலில் ஏன் இப்படி ஆகிறது என்று பார்ப்போம். செல்போன் திரை என்பது விளக்கு மாதிரி. அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிற வெளிச்சம் இருக்கிறது. மூன்றையும் முழுதாக ஏற்றினால் வெள்ளை, மூன்றையும் அணைத்தால் கருப்பு. மற்ற நிறமெல்லாம் இவற்றைக் கூட்டிக் குறைத்து வருவதுதான். காகிதத்தில் விளக்கு கிடையாது. வெளியில் இருந்து விழுகிற வெளிச்சத்தில் ஒரு பகுதியை மை விழுங்கிவிடுகிறது, மிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. அச்சில் நாலு மை. சயான் என்கிற ஒரு நீலம், மெஜந்தா என்கிற ஒரு ரோஸ், மஞ்சள், கருப்பு. ஒரு மைக்கு மேல் இன்னொரு மை ஏற ஏற வெளிச்சம் குறையும். அதனால் திரையில் இரண்டு நிறம் சேர்ந்தால் பளீரென்று ஆகும், தாளில் இரண்டு மை சேர்ந்தால் அடங்கிப் போகும். கைத்தறிச் சாயம் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். இரண்டு சாயத்தைக் கலந்து, முன்னைவிட வெளிச்சமான நூல் எடுத்தவர் யாரும் கிடையாது.

வீட்டில் சிவகாசி காலண்டர் தொங்கும் இல்லையா, அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சாமி படம் மறைந்துபோய், வெறும் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்த நாலு மையின் புள்ளிகள்தான். தூரத்தில் இருந்து பார்க்கும்போது கண் அவற்றைச் சேர்த்து நிறமாக்கிக்கொள்கிறது.

இதில் மஞ்சள் தூள் குழுவுக்கு அதிர்ஷ்டம். மஞ்சள் தனி மையாகவே இருக்கிறது, கலப்பே வேண்டாம், சுத்தமாக வரும். மிளகாய்த் தூள் சிவப்பு, மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து ஓரளவு நன்றாகவே வந்துவிடும். ஏமாற்றுகிற நிறங்கள் கிளிப்பச்சை, பளீர் ஆரஞ்சு, மின்னுகிற நீலம். நீலம் சில சமயம் கத்தரிப்பூ நிறமாகவே ஆகிவிடும்.

திரையின் நிறத்தை மையின் நிறமாக மாற்றுகிற வேலையை யாராவது ஒருவர் செய்துதான் ஆக வேண்டும். நாம் செய்யாவிட்டால் அச்சகத்து மிஷினோ, அங்கே இருக்கிற கம்ப்யூட்டரோ செய்யும். அப்போது பார்க்க நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம். பிளேட் போட்டு, தாள் ஓடின பிறகுதான் தெரியும். நாமே மாற்றினால், காசு கட்டுவதற்கு முன் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் டிசைனையே மாற்றலாம்.

இதற்கு நான் பயன்படுத்துவது இமேஜ்மேஜிக் என்ற ஒரு மென்பொருள். இலவசம். இதன் கதை சுவாரசியமானது. 1987-இல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியில் ஜான் கிறிஸ்டி என்பவரிடம் ஒரு வேலை கொடுத்தார்கள். லட்சக்கணக்கான நிறம் உள்ள படங்களை, ஒரே நேரத்தில் 256 நிறம் மட்டும் காட்டத் தெரிந்த திரையில் காட்ட வேண்டும். கிட்டத்தட்ட நம்முடைய பிரச்சினைதான். நிறைய நிறத்தைக் கொஞ்ச நிறத்துக்குள் அடக்க வேண்டும். அதற்காக எழுதியதை வளர்த்து, 1990 ஆகஸ்டில் எல்லாருக்கும் இலவசமாக விட்டார். இன்றைக்கும் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் பொத்தான், படம், மெனு எதுவும் கிடையாது. கருப்பு ஜன்னல் ஒன்று திறக்கும், அதில் ஒரு வரி தட்டச்சு செய்து என்டர் தட்ட வேண்டும், வேலை முடிந்தது. பார்க்கப் பயமாக இருக்கும். எனக்கு இதுதான் சௌகரியம் என்று தோன்றுகிறது. ஏன் என்றால், போட்டோஷாப்புக்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும், இதற்கு இல்லை. அரசு 2011-இல் மாணவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்த மடிக்கணினி மாதிரி பழைய பெட்டியிலும் ஓடும். எல்லாவற்றையும்விட, சரியாக வந்த வரியை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை நான் இல்லாவிட்டாலும், வேறு ஒரு பெண் அதைப் பார்த்துத் தட்டினால் அதே மாதிரி வரும். மெனுவில் எங்கெங்கே அமுக்கினோம் என்று நோட்டில் எழுதி வைப்பது லேசில்லை.

இன்னொரு பொருளும் வேண்டும். எந்த மை, எந்தத் தாளில், எப்படித் தெரியும் என்று கருவி வைத்து அளந்து எழுதின ஒரு கோப்பு. ஐ.சி.சி. ப்ரொஃபைல் என்பார்கள். 1993-இல் எட்டு கம்பெனிகள் சேர்ந்து இதற்கென்று ஒரு அமைப்பு வைத்து, எல்லாரும் ஒரே முறையில் எழுத ஏற்பாடு செய்தன. நாம் ஜாதகம் என்று வைத்துக்கொள்வோம். திரைக்கு ஒரு ஜாதகம், அச்சுக்கு ஒரு ஜாதகம். இரண்டையும் பார்த்துத்தான் இமேஜ்மேஜிக் பொருத்தம் சொல்லும். (சிரிப்பு.)

திரையின் ஜாதகம் விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. எஸ்.ஆர்.ஜி.பி. என்று பெயர். அச்சின் ஜாதகத்தை அச்சகத்தில் கேட்டு வாங்க வேண்டும். "உங்க மிஷினுக்கு எந்த ப்ரொஃபைல் வேணும், எந்தப் பேப்பர்ல அடிக்கப் போறீங்க" என்று கேளுங்கள். நாலு அச்சகத்தில் இரண்டு பேர் உடனே சொல்வார்கள். ஒருவர் முழிப்பார். இன்னொருவர், "நாங்களே மாத்திக்குவோம், நீங்க ஆர்.ஜி.பி.யாவே குடுங்க" என்பார். டிஜிட்டல் மிஷின் வைத்திருப்பவர்கள் பல பேர் அப்படித்தான் கேட்பார்கள், அங்கே நாம் மாற்றவே கூடாது. மாற்றின பார்வைப் படம் மட்டும் நமக்காகச் செய்து பார்த்துக்கொள்ளலாம். ஆஃப்செட் மிஷினாக இருந்து, ப்ரொஃபைல் பெயர் சொல்லத் தெரியவில்லை என்றால், ஜெர்மனியின் ஃபோக்ரா என்ற அச்சு ஆய்வு நிறுவனத்தின் அளவுகளை வைத்துச் செய்தவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வழவழப்பான ஆர்ட் பேப்பருக்கு ஃபோக்ரா 39, பூச்சு இல்லாத மேப்லித்தோ மாதிரி தாளுக்கு ஃபோக்ரா 47. தாள் முக்கியம் சகோதரிகளே. பூச்சு இல்லாத தாள் மையை உறிஞ்சும், புள்ளி பரவும், அதே படம் இன்னும் அடங்கித் தெரியும்.

சரி, இப்போது கட்டளைக்கு வருவோம். ஒரு கோப்புறையில் படத்தையும் இரண்டு ஜாதகத்தையும் வைத்துக்கொள்கிறோம். பெயரெல்லாம் ஆங்கில எழுத்தில், நடுவில் இடைவெளி இல்லாமல், சின்னதாக இருக்கட்டும். இடைவெளி விட்டால் இரண்டு பெயர் என்று நினைத்துக் குழம்பும். திரை ஜாதகத்துக்கு ஸ்க்ரீன் என்றும், அச்சு ஜாதகத்துக்கு பிரஸ் என்றும் நான் பெயர் மாற்றி வைத்திருக்கிறேன். இலைப் படம் லீஃப். இப்போது வரி:

மேஜிக் லீஃப்.ஜேபிஜி -ப்ரொஃபைல் ஸ்க்ரீன்.ஐசிசி -ப்ரொஃபைல் பிரஸ்.ஐசிசி லீஃப்பிரஸ்.டிஃப்

அவ்வளவுதான். வாய்விட்டுப் படித்தால் புரியும். மேஜிக் என்று கூப்பிடுகிறோம். லீஃப் படத்தை எடு, திரையின் கணக்கில் இருக்கிறது என்று புரிந்துகொள், அச்சின் கணக்குக்கு மாற்று, லீஃப்பிரஸ் என்ற புதுப் பெயரில் வை. ப்ரொஃபைல் என்ற சொல்லுக்கு முன்னால் ஒட்டினாற்போல ஒரு சின்னக் கோடு. அது இல்லாவிட்டால் ப்ரொஃபைல் என்பதையும் ஒரு படத்தின் பெயர் என்று நினைத்துத் தேடும். முதலில் திரை, பிறகு அச்சு. மாற்றிப் போட்டால் நடக்காது. கடைசியில் புதுப் பெயர் கொடுப்பதை மட்டும் மறக்காதீர்கள். பழைய பெயரையே கொடுத்தால் மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும். மையின் கணக்குக்குப் போன படத்தைத் திரும்பத் திரைக்குக் கொண்டுவந்தாலும் தொலைந்த நிறம் வராது. அரைத்த மாவை மறுபடி அரிசியாக்க முடியாது.

பழைய புத்தகங்களிலும் இணையத்திலும் மேஜிக் என்பதற்குப் பதிலாக கன்வெர்ட் என்று போட்டிருக்கும். விண்டோஸில் அந்தச் சொல்லைத் தட்ட வேண்டாம். விண்டோஸுக்கே கன்வெர்ட் என்று வேறு ஒரு கட்டளை இருக்கிறது, அது ஹார்ட் டிஸ்க்கின் அமைப்பை மாற்றுகிற வேலை. நமக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொன்றும் இணையத்தில் பார்ப்பீர்கள். ஜாதகமே இல்லாமல், கலர்ஸ்பேஸ் சி.எம்.ஒய்.கே. என்று ஒரே சொல்லில் மாற்றச் சொல்லியிருப்பார்கள். அதுவும் மாற்றும். மை எப்படி, தாள் எப்படி என்று எதையும் பார்க்காமல் வெறும் கழித்தல் கணக்குப் போட்டு மாற்றும். அவசரத்துக்குக்கூட நான் அதைச் செய்வதில்லை.

மாற்றின டிஃப் படத்தை செல்லில் திறந்தால் ஒன்று திறக்காது, இல்லாவிட்டால் கன்னாபின்னா நிறத்தில் தெரியும். அதைப் பார்த்து பயப்படவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். குழுவுக்குக் காட்ட இன்னொரு வரி தட்ட வேண்டும்:

மேஜிக் லீஃப்பிரஸ்.டிஃப் -ப்ரொஃபைல் ஸ்க்ரீன்.ஐசிசி லீஃப்வியூ.ஜேபிஜி

மைக்குப் போன படத்தைத் திரைக்கு ஏற்ற மாதிரி ஒரு நகல் எடுக்கிறோம். தொலைந்த நிறம் தொலைந்ததாகவே இதில் தெரியும். நமக்கு வேண்டியதும் அதுதான். இந்தப் பார்வைப் படத்தையும் முதல் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், லேபிள் எப்படி வரும் என்று முக்கால்வாசி தெரிந்துவிடும். செல்லின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டுப் பாருங்கள். முழு வெளிச்சத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். பார்வைப் படம் குழு பார்ப்பதற்கு, டிஃப் படம் அச்சகத்துக்கு. மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

முருங்கைப் பொடிக் குழு இரண்டாவது தடவை அடிக்கும்போது இப்படித்தான் செய்தோம். கிளிப்பச்சைப் பின்னணியின் பார்வைப் படத்தைப் பார்த்ததும், "இதே பாசிதான்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பச்சைதான் வேண்டும் என்றால் ஐந்தாவதாக ஒரு தனி மை, ஸ்பாட் கலர் என்பார்கள், அதைப் போட வேண்டும். அதற்குத் தனி பிளேட், தனிச் செலவு. பெரிய கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றன. நமக்குக் கட்டுப்படியாகாது. பின்னணியை இளமஞ்சளாக்கி, இலையை மட்டும் பச்சையாக விட்டு இன்னொரு பார்வைப் படம் எடுத்தோம். இலை அதே அடங்கின பச்சைதான், ஆனால் மஞ்சளுக்கு மேல் அது பறித்த கீரை மாதிரி தெரிந்தது. மூன்று மாதிரி காட்டினோம், குழுவே ஒன்றைத் தேர்வு செய்தது, அதற்குப் பிறகுதான் முன்பணம். அச்சகத்தில் இருந்து அதே தாளில் ஒரு மாதிரிப் பிரதியும் வாங்கி, அதில் பிரதிநிதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த மாதிரிப் பிரதியை விட்டுவிடாதீர்கள். கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் தாளில் பார்ப்பது தாளில் பார்ப்பதுதான்.

எழுத்தைப் பற்றி ஒரு விஷயம். இது நிறத்தைவிட முக்கியம் என்று நான் சொல்வேன். நாம் விற்பது உணவுப் பொருள். லேபிளில் சேர்மானம், நிகர எடை, தயாரித்த தேதி, எதற்குள் பயன்படுத்த வேண்டும், முகவரி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் எல்லாம் இருந்தாக வேண்டும். எல்லாம் பொடி எழுத்து. இந்த எழுத்தைப் படத்தோடு சேர்த்து ஒரே ஜேபிஜியாகச் செய்து கொடுத்தால், மாற்றும்போது கருப்பு எழுத்தும் நாலு மையாகப் பிரிந்துவிடும். மிஷினில் நாலு மையும் ஒரு மயிரிழை விலகாமல் உட்கார்ந்தால்தான் எழுத்து தெளிவாக இருக்கும். கொஞ்சம் விலகினாலும் ஓரத்தில் ரோஸ் நிழல் அடிக்கும். நம் தமிழ் எழுத்தில் சுழி அதிகம். ண, ன, ழ, இகரக் கொக்கி எல்லாம் அடைத்துக்கொண்டு, தேதி எது எடை எது என்று தெரியாது. அதனால் படத்தில் எழுத்து வேண்டாம். படத்தைத் தனியாக மாற்றி, ஸ்க்ரைபஸ் மாதிரி பக்கம் அமைக்கிற மென்பொருளில் வைத்து, எழுத்தை அதற்கு மேல் கருப்பு மை ஒன்றிலேயே போட வேண்டும். ஸ்க்ரைபஸும் இலவசம்தான். டி.டி.பி. சென்டரில் செய்தால், "எழுத்து சிங்கிள் பிளாக்ல இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொன்னது யார் என்று நிமிர்ந்து பார்ப்பார்கள்.

கோலம், பார்டர் மாதிரி வெறும் கருப்புக் கோட்டுப் படம் இருந்தால் அதற்கும் இதே கதி. அதை நாலு மைக்கு மாற்றாமல், -கலர்ஸ்பேஸ் கிரே என்று போட்டு, கருப்பு மட்டுமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் வேண்டாம் என்று சொன்ன சொல்லை இங்கே பயன்படுத்துகிறேனே என்று கேட்கலாம். ஒரே மையாக்குவதற்கு அது போதும், நாலு மைக்குத்தான் ஜாதகம் வேண்டும்.

அளவு. அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது பொதுக் கணக்கு. லேபிள் 3 அங்குலம் என்றால் 900 புள்ளி வேண்டும். செல்லில் எடுத்த படம் 4000 புள்ளி அகலம் இருந்தால் 13 அங்குலம் வரைக்கும் தாங்கும், லேபிளுக்கு ஏராளம். ஓரத்தில் வெட்டுவதற்காக சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடச் சொல்வார்கள், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். படத்தில் எத்தனை புள்ளி இருக்கிறது என்று பார்க்க, மேஜிக் ஐடென்டிஃபை என்று தட்டிப் படத்தின் பெயரைக் கொடுத்தால் சொல்லிவிடும். -டென்சிட்டி 300 என்று ஒரு சொல் இருக்கிறது. அதைப் போட்டால் படம் தெளிவாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கால் கிலோ பாக்கெட்டில் அரைக் கிலோ ஸ்டிக்கர் ஒட்டினால் எடை கூடுமா? அதே கதைதான். படத்தைப் பெரிதாக்குகிற கட்டளையும் உண்டு, அது பக்கத்துப் புள்ளியைப் பார்த்து ஒரு புள்ளியைக் கற்பனை செய்து நிரப்பும். எடுக்கும்போதே நல்ல வெளிச்சத்தில், கிட்டத்தில் போய், பெரிதாக எடுப்பது ஒன்றுதான் வழி. வாட்சப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமென்ட் என்பதைத் தேர்வு செய்து அனுப்பினால் அப்படியே வரும்.

போன வருடம் நம் பொருட்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு விலைப்பட்டியல் புத்தகம் போட்டபோது 60 படம் இருந்தது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து மாற்றவில்லை. மோக்ரிஃபை என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஜேபிஜி எல்லாவற்றையும் எடு, மாற்று, என்று ஒரே வரியில் சொன்னால், டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருக்கும். இதில் ஆபத்தும் இருக்கிறது. மோக்ரிஃபை புதுப் பெயர் கேட்காது, மூலப் படத்தின் மேலேயே எழுதும். அதனால் -பாத் என்று போட்டு வேறு கோப்புறையின் பெயரைக் கொடுக்க வேண்டும், அந்தக் கோப்புறையை முன்னாலேயே உருவாக்கியும் வைத்திருக்க வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கிற வரியில் -பாத் என்பதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். எல்லா மூலப் படங்களும் ஒரு பென் டிரைவில் தனியாக, பீரோவில், தீர்மான நோட்டுகளோடு இருக்கிறது.

(இதன் பிறகு உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.)

பின்னணியை வெட்டி எடுத்த படத்தை மாற்றினால் சுற்றிலும் கருப்பாக வருகிறதே என்று கேட்கிறீர்கள். செல்லில் பின்னணியை வெட்டுகிற ஆப், படத்தை பி.என்.ஜி. வகையில், சுற்றிலும் கண்ணாடி மாதிரி ஒன்றும் இல்லாமல் சேமிக்கிறது. பி.என்.ஜி.க்கு நாலு மைக் கணக்கு வைத்துக்கொள்ளத் தெரியாது, ஜேபிஜிக்குக் கண்ணாடி வைத்துக்கொள்ளத் தெரியாது. நடுவில் அந்த இடம் கருப்பாகிவிடும். படத்தின் பெயருக்குப் பிறகு, ஜாதகத்துக்கு முன்னால், -பேக்ரவுண்ட் ஒயிட் -ஃப்ளாட்டன் என்று சேருங்கள். வெள்ளை விரித்த பிறகு மாற்றும்.

கருப்பட்டி மிட்டாய்க்கு அச்சடித்த பிளாஸ்டிக் பவுச் போடலாம் என்று இருக்கிறீர்கள், அதற்கும் இதே வழியா? இல்லை. பவுச் பெரும்பாலும் கிராவியர் என்கிற உருளை அச்சு, இல்லாவிட்டால் ஃப்ளெக்ஸோ. மை வேறு, முறை வேறு, வெள்ளை மையே தனியாக அடிப்பார்கள். தாளுக்கு எழுதின ஜாதகம் அதற்குப் பொருந்தாது. மூலப் படத்தை அப்படியே கொடுத்துவிட்டு, மாதிரிப் பிரதி கேட்டு வாங்குங்கள். உருளை செய்கிற செலவு அதிகம் என்பதால் குறைந்தது இவ்வளவு கிலோ எடுக்க வேண்டும் என்பார்கள். அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சின்னக் குழுவுக்கு வெறும் பவுச்சில் ஸ்டிக்கர் ஒட்டுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக அந்த அக்கா கேட்டது, க்யூ.ஆர். கோடும் பார்கோடும். அவற்றைப் படமாக நினைத்து மாற்றவே வேண்டாம். வெள்ளைத் தாளில், கருப்பு மை ஒன்றில், சுற்றிலும் கொஞ்சம் வெள்ளை இடம் விட்டுப் போடுங்கள். அழகுக்காகப் பார்கோடைச் சிவப்பில் போடாதீர்கள். கடையில் படிக்கிற கருவிகள் பலவற்றில் சிவப்பு வெளிச்சம்தான் வரும், அந்த வெளிச்சத்தில் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றாகவே தெரியும், பில் போட முடியாது. அச்சுக்குக் கொடுக்கும் முன் மாதிரிப் பிரதியில் உங்கள் செல்லை வைத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

லேபிள் மாற்ற வேண்டிய குழுக்கள் படத்தை மெமரி கார்டிலோ பென் டிரைவிலோ எடுத்துக்கொண்டு கணினி அறைக்கு வாங்க. இரண்டு பேராக வாங்க. நான் தட்டிக் கொடுக்க மாட்டேன், நீங்கள்தான் தட்ட வேண்டும், பக்கத்தில் இருக்கிறேன்.